இரண்டு பேரில் தொடங்கிப் பதினொன்று வரை: வயதுக்கேற்ற கால்பந்துப் பயிற்சியை பெல்ஜியம் திட்டமிட்ட விதம்

2000 ஜூன் 19. பிரஸ்ஸல்ஸில் சொந்த ரசிகர்களின் கண் முன்னால் பெல்ஜியம் துருக்கியிடம் 0-2 என்று தோற்றது. நெதர்லாந்தோடு சேர்ந்து தானே நடத்திய ஐரோப்பியக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறியது. இரண்டு கோலையும் அடித்தவர் ஹக்கான் ஷுகுர். பெல்ஜியக் கோல்கீப்பர் ஃபிலிப் டி வில்டே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். இரண்டு வருடத்துக்கு முன்பு 1998 உலகக் கோப்பையிலும் இதே கதைதான்: மூன்று ஆட்டமும் டிரா, முதல் சுற்றோடு வீடு.

இந்த மாதிரி தோல்விக்குப் பிறகு வழக்கமாகக் கோச்சை மாற்றுவார்கள். பெல்ஜியம் இந்த முறை ஆறு வயதுப் பிள்ளைகளின் பயிற்சியைத் திறந்து பார்த்தது. சீனியர் அணியின் கோளாறுக்கு எட்டு வயதுக்காரர்களின் மைதானத்தில் காரணம் தேடிய துணிச்சல்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் யாருக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேலையை முன்னின்று நடத்தியவர் மிஷெல் சாப்ளோன். 1986, 1990, 1994 உலகக் கோப்பைகளில் பெல்ஜிய அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தவர். பிறகு பெல்ஜியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்நுட்ப இயக்குநரானார். பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி மூன்று இடத்திலும் சிறுவர்களை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்தார்கள். உள்ளூரில் என்ன நடக்கிறது என்பதற்கு லூவன் பல்கலைக்கழகத்தின் உதவி கிடைத்தது. வெவ்வேறு வயதுச் சிறுவர்களின் சுமார் 1500 ஆட்டங்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். கிளப்புகளில் ஜெயிப்பதற்குத்தான் முழுக் கவனமும் போகிறது, பிள்ளை கற்றுக்கொள்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை என்று அதில் தெரிந்தது.

அதன் பிறகு எடுத்த முடிவு ஒன்று. எல்லா வயது அணிகளும் கடைசியில் போய்ச் சேர வேண்டிய ஆட்டம் 4-3-3: கோல்கீப்பருக்கு முன்னால் நால்வர், நடுவில் மூவர், முன்வரிசையில் மூவர். அதில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் ஒருவருக்கு ஒருவர் மோதலில் எதிராளியைத் தாண்டத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்; பெல்ஜியத்தில் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பஞ்சம். சரி, அந்த ஆட்டத்தை ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? 4-3-3 படத்தைப் பலகையில் வரைந்து காட்டிப் பிரயோசனமில்லை. அதனால் மேலிருந்து கீழே உடைத்துக்கொண்டே வந்தார்கள்: அணிக்குப் பதினொன்று, எட்டு, ஐந்து, இரண்டு பேர்.

எட்டுப் பேர் ஆட்டத்தில் கோல்கீப்பரை விட்டால் 3-1-3. நடுவில் நிற்பவரைப் பொதுவாக வைத்து முன்னும் பின்னுமாக இரண்டு வைர வடிவங்கள். ஐந்து பேர் ஆட்டத்தில் ஒரே வைரம்: பின்னால் ஒருவர், ஓரங்களில் இருவர், முன்னால் ஒருவர். இரண்டுக்கு இரண்டில் வடிவமே கிடையாது. பந்து, நான், எதிரே வருகிறவன், கூட ஒருவன். இன்றைக்கு அங்கே 6 வயதுக்குட்பட்டோர் இரண்டுக்கு இரண்டு, 7இல் மூன்றுக்கு மூன்று, 8-9இல் ஐந்துக்கு ஐந்து, 10 முதல் 13 வரை எட்டுக்கு எட்டு, 14 முதல்தான் முழு மைதானத்தில் பதினொன்று. ஐந்து பேர் ஆட்டத்தில் டிரிப்ளிங்தான் (பந்தை உருட்டியபடியே எதிராளியைத் தாண்டுவது) பிரதானப் பாடம், எட்டுப் பேர் ஆட்டத்தில் ஷார்ட் பாஸ், பதினொன்றில் லாங் பாஸ்.

பயிற்சித் திட்டம் போடும் கோச்சுக்கு இதில் ஒரு வேலை ஒழுங்கு கிடைக்கிறது. நாம் பெரும்பாலும் 'இன்றைக்கு என்ன டிரில்?' என்று ஆரம்பிக்கிறோம். முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு மைதானத்தில் எத்தனை பேர் தெரிவார்கள்? ஆறு வயதில் பந்து மட்டும் தெரியும். எட்டு, ஒன்பதில் பக்கத்தில் நிற்கும் கூட்டாளியும் தெரிய ஆரம்பிப்பான். பதினொரு வயதில்தான் மூன்றாவது ஆள் ஓடுவது கண்ணில் படும். அதற்குத் தகுந்த ஆள் எண்ணிக்கை, அதற்குத் தகுந்த இடம், அதற்குப் பிறகுதான் டிரில்.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், ஒரு கோல், ஒரு கோல்கீப்பர். ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டு போய் அடித்துவிட்டுத் திரும்ப 15 வினாடி. ஒரு சுற்று முடிய மூன்று நிமிடம். கால் மணி நேரம் இந்தப் பயிற்சி கொடுத்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்து உதை. மிச்ச நேரமெல்லாம் நிற்பது, முன்னால் நிற்பவனைத் தள்ளுவது, செருப்பை விட்ட இடத்தைப் பார்ப்பது. அதே பன்னிரண்டு பேரை மூன்று சின்ன மைதானங்களில் இரண்டுக்கு இரண்டாகப் பிரித்தால் நான்கு பேருக்கு ஒரு பந்து. ஒருவன்கூட நிற்க முடியாது.

ஆறு, ஏழு வயதுக்கான ஒரு மணி நேரம் என் கையில் இப்படி இருக்கும். முதல் பத்து நிமிடம் ஆளுக்கொரு பந்து. 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரத்துக்குள் எல்லோரும் பந்தோடு ஓடுவார்கள், இரண்டு 'திருடர்கள்' பந்தில்லாமல் வந்து பறிப்பார்கள், பறிகொடுத்தவன் திருடனாவான். வார்ம்-அப்புக்கு இதுவே போதும். இந்த வயதில் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது நேர விரயம். அடுத்து ஒருவருக்கு ஒருவர்: ஆறு குட்டி மைதானங்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு முனையிலும் இரண்டு கோன் வைத்துக் கோல். ஒரு நிமிடம் ஆட்டம், விசில், ஜெயித்தவன் வலது பக்கத்து மைதானத்துக்கு நகர்வான், தோற்றவன் இடது பக்கத்துக்கு. நான்கைந்து சுற்றுக்குள் கெட்டிக்காரர்கள் ஒரு முனையிலும் புதிதாக வந்தவர்கள் மறு முனையிலும் சேர்ந்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஒவ்வொருவனுக்கும் தனக்குச் சமமான ஆள் கிடைக்கிறான். கோச் யாரையும் தரம் பிரிக்க வேண்டியதில்லை, யாரும் மனம் நோக வேண்டியதில்லை. மிச்ச நேரம் முழுவதும் 16 மீட்டருக்கு 20 மீட்டரில் இரண்டுக்கு இரண்டு, மூன்று மூன்று நிமிட ஆட்டங்கள், நடுவில் தண்ணீர்.

இதில் கோச் பேசுவது எவ்வளவு? விதியைச் சொல்ல அரை நிமிடம். ஆட்டம் நடக்கும்போது, மூன்று பேரைத் தாண்டப் பார்த்துப் பந்தை இழந்த பிள்ளையிடம் "பாஸ் பண்ணு" என்று கத்தக் கூடாது. ஆறு வயதில் அவன் முயன்றதுதான் அன்றைய பாடம். பாஸ் பிறகு வரும். தாண்டத் துணிகிற மனசு பன்னிரண்டு வயதில் புதிதாக வராது.

பத்து, பதினொரு வயதில் திட்டத்தின் தோரணையே மாறும். இப்போது ஒரு மாலைக்கு ஒரே ஒரு பாடம் வைத்து அதையே சுற்றிச்சுற்றி வரலாம். 'எதிரணி நெருக்கும்போது பின்னாலிருந்து பந்தை எப்படி வெளியே கொண்டுவருவது' என்பதை எடுத்துக்கொள்வோம். பதினாறு பிள்ளைகள், எழுபத்தைந்து நிமிடம். முதலில் நான்கு நான்கு பேராக 8 மீட்டர் சதுரத்தில் மூன்றுக்கு ஒன்று: மூவர் பந்தை மாற்றிக்கொள்வார்கள், ஒருவன் பறிக்கப் பார்ப்பான். அடுத்து மைதானத்தின் இரண்டு முனைகளிலும் ஒரே ஆட்டம்: கோல்கீப்பரும் மூன்று டிஃபென்டர்களும் ஒரு பக்கம், மூன்று பேர் எதிரே. டிஃபென்டர்கள் தப்பித்துப் போய் நடுக்கோட்டில் வைத்த இரண்டு சின்னக் கோல்களில் ஒன்றில் பந்தை உருட்ட வேண்டும். பறித்தவர்கள் உடனே பெரிய கோலில் அடிக்கலாம். எட்டாவது பிள்ளை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறி உள்ளே வருவான். கடைசி இருபத்தைந்து நிமிடம் எட்டுக்கு எட்டு, முழு ஆட்டம்.

நடுவில் நிற்கும் டிஃபென்டர் பையனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கோல்கீப்பர் பந்தை உருட்டுகிறார். பையன் தன் கோலைப் பார்த்தபடி நேராக நிற்கிறான். முன்னால் இருக்கும் காலால் பந்தை நிறுத்துகிறான். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்று அவனுக்குத் தெரியாது. திரும்பியதும் எதிராளி மேலே இருக்கிறான், பந்து வெளியே பறக்கிறது. ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் "அடிச்சு வெளிய தள்ளுடா" என்கிறார்கள். திருத்த வேண்டியதோ இரண்டடி தூர விஷயம். பந்து வருவதற்கு முன்பே பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும், தோளுக்கு மேல் ஒருமுறை பார்க்க வேண்டும், கோல்கீப்பருக்குத் தள்ளி இருக்கும் காலால் பந்தை வாங்க வேண்டும். அப்போது முதல் தொடுதலிலேயே முகம் மைதானத்தைப் பார்க்கும். இதைச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கேட்டு வரவழைப்பது மேல்: "உன்னை நோக்கி வருகிறானே, அவன் எந்த இடத்தை விட்டுவிட்டு வருகிறான்?" பதில் சொல்லும் பையன் அடுத்த முறை அந்த இடத்தைப் பார்ப்பான். ஆறு வயதுப் பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான்.

தலையால் முட்டும் பயிற்சி இந்த வயதுக்கு வேண்டாம். அமெரிக்காவில் 2015இலேயே 10 வயதுக்குட்பட்டோருக்கு அதைத் தடுத்தார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது கிடையாது. பந்து எங்கே விழும் என்று கணித்துப் போய் நிற்பதை மட்டும் கற்றுக்கொடுங்கள்.

பெல்ஜியத்தில் பெரிய சண்டை வந்தது புள்ளிப் பட்டியலுக்காக. மிகச் சிறிய வயதுப் பிரிவுகளில் லீக் பட்டியலே கிடையாது என்றார்கள். பட்டியல் இருந்தால் கோச் உயரமான பையனைப் பின்னால் நிறுத்துவார், பலமாக உதைப்பவனிடம் பந்தைக் கொடுக்கச் சொல்வார், சின்னப் பையன் பெஞ்சில் உட்காருவான். மூன்றுமே அடுத்த சனிக்கிழமையை ஜெயித்துத் தரும், பிள்ளைக்கு ஒன்றும் தராது. கிளப்புகளும் பெற்றோர்களும் எதிர்த்தார்கள். இருபது வருடம் கழித்து ஜெர்மனியிலும் இதே சண்டை நடந்தது. அங்கே 2022இல் முடிவெடுத்து 2024-25 முதல் கட்டாயமாக்கிய புதிய முறையில், மிகச் சிறியவர்களுக்கு இரண்டுக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மூன்று, நான்கு குட்டிக் கோல்கள். அடிப்படை யோசனை ஹோர்ஸ்ட் வைன் பரப்பிய ஃபுனினோ ஆட்டத்திலிருந்து வந்தது. டார்ட்மண்ட் கிளப்பின் தலைவர்களில் ஒருவரான வாட்ஸ்கே, தோற்பது எப்படி இருக்கும் என்று தெரியாமல் வளரும் பிள்ளைக்கு ஜெயிக்கும் பலம் எங்கிருந்து வரும் என்று கடுமையாக விமர்சித்தார். அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் மேலே சொன்ன ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் ஒரு பிள்ளை ஒரே மாலையில் நாலைந்து முறை தோற்று, நாலைந்து முறை ஜெயிக்கிறான். பட்டியலை எடுத்தால் போட்டி போய்விடாது. பெரியவர்களின் அவசரம்தான் போகும்.

பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரைதான் திட்டம் போட மிகவும் கஷ்டமான கட்டம். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருப்பான். பிறப்புச் சான்றிதழ் சொல்லும் வயதும் உடம்பின் வயதும் அதிகமாக விலகிப்போவது இங்கேதான்.

பிறந்த மாதம் எவ்வளவு தூரம் விளையாடுகிறது என்பதற்கு பெல்ஜியத்திலேயே ஒரு நல்ல சாட்சி கிடைத்தது. 1997க்கு முன்பு அங்கே வயதுப் பிரிவைக் கணக்கிடும் வருடம் ஆகஸ்ட் 1இல் தொடங்கியது. அதன் பிறகு ஜனவரி 1 ஆக மாறியது. லூவன் பல்கலைக்கழகத்தின் வெர்னர் ஹெல்சன் குழு இரண்டு காலத்தையும் ஒப்பிட்டது. மாற்றத்துக்கு முன் இளையோர் தேர்வுகளில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் பிறந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். மாற்றத்துக்குப் பின் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பிள்ளைகள் நிறைந்தார்கள். ஆகஸ்டில் பிறந்தவர்களின் திறமை ஒரே வருடத்தில் எங்கும் போய்விடவில்லை. தேர்வாளர்கள் திறமை என்று நினைத்துப் பொறுக்கியது பெரும்பாலும் சில மாத மூப்பை.

டிரீஸ் மெர்டன்ஸின் கதை தெரிந்திருக்கும். உடம்பு சின்னது என்று இளம் வயதில் கழிக்கப்பட்டவர். நெதர்லாந்தின் சின்னக் கிளப் ஒன்றிலிருந்து மேலேறி, பிறகு நேப்பிள்ஸின் நாப்போலி கிளப்புக்காக 148 கோல் அடித்து அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவரானார். இப்படித் தப்பி வந்தவர் ஒருவர் என்றால், தப்பாமல் போனவர்கள் எத்தனை பேரோ. 2008இல் பெல்ஜியம் இதற்கென்றே 'ஃபியூச்சர்ஸ்' என்று இளையோர் தேசிய அணிகளை வழக்கமான அணிகளுக்கு இணையாகத் தொடங்கியது. உடல் வளர்ச்சி தாமதமாக வரும் பையன்களுக்கு, அவர்களைப் போன்றவர்களோடு விளையாடும் இடம். இந்த மொத்தத் திட்டத்திலும் மற்ற நாடுகள் முதலில் பார்த்து எழுத வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

பயிற்சியில் இதை எப்படிக் கொண்டுவருவது? வேண்டியது சுவரில் ஒரு அளவுகோலும் ஒரு நோட்டுப் புத்தகமும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்துவையுங்கள். வளர்ச்சி உச்சம், அதாவது உயரம் மிக வேகமாகக் கூடும் காலம், பையன்களுக்குச் சராசரியாக 14 வயதை ஒட்டியும், பெண் பிள்ளைகளுக்கு 12ஐ ஒட்டியும் வரும். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தால் அந்தப் பிள்ளையின் பயிற்சியை நான் மாற்றுவேன்: குதிக்கும் பயிற்சி குறையும், திரும்பத் திரும்ப முழு வேக ஓட்டம் குறையும், நீள உதை குறையும், சின்ன இடத்தில் பந்தோடு வேலை கூடும். போன மாதம் வரை நன்றாக ஆடியவன் இப்போது தடுமாறுவான். கால் நீண்டுவிட்டது, மூளை இன்னும் பழைய கால் நீளத்தையே நம்பி இருக்கிறது. அவனைச் சோம்பேறி என்று திட்டும் கோச்சுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றாலோ குதிகால் வலிக்கிறது என்றாலோ அது சாக்கு கிடையாது; வளரும் எலும்பைத் தசைநார் இழுக்கிற வலி. டாக்டரிடம் காட்டி, ஓய்வு கொடுத்து, பிறகு மெல்ல உள்ளே எடுக்க வேண்டும்.

இந்த வயதில் வார்ம்-அப்பையும் ஒழுங்காக வைக்க வேண்டும். ஃபிஃபாவின் '11+' என்ற வார்ம்-அப் திட்டம் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது: 15 பயிற்சிகள், 20 நிமிடம். 7 முதல் 13 வரை உள்ளவர்களுக்கு ஏழே பயிற்சிகள் கொண்ட சிறுவர் வடிவம் தனியாக உண்டு. அதை நான்கு ஐரோப்பிய நாடுகளின் கிளப்புகளில் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான வார்ம்-அப் செய்தவர்களோடு ஒப்பிட்டால் காயங்கள் 48 சதவீதம் குறைவு. காசு செலவில்லாத ஒரு விஷயத்தில் இவ்வளவு பலன் கிடைப்பது அபூர்வம்.

பதினாறு முதல் பதினெட்டுக்கு ஒரு மாலையைத் திட்டமிட்டால் போதாது, வாரத்தைத் திட்டமிட வேண்டும். ஞாயிறு ஆட்டம் என்றால் கடினமான வேலை புதன்கிழமை, சனிக்கிழமை லேசாக. பெல்ஜியத்தில் 14 முதல் 18 வரையிலான திறமைசாலிகளுக்கு 'டாப்ஸ்போர்ட்' பள்ளிகளில் காலை நேரத்தில் கூடுதல் பயிற்சி கிடைத்தது. மாலையில் அவரவர் கிளப். படிப்பை விடாமல் பந்தோடு இருக்கும் நேரத்தைக் கூட்ட அது ஒரு வழி.

பலன்? பெல்ஜியம் 2007இல் ஃபிஃபா தரவரிசையில் 71ஆம் இடம் வரை சரிந்தது. 2015 நவம்பரில் முதலிடம். 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 2-0 என்று வென்று மூன்றாம் இடம். ஆனால் அத்தனையையும் இந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஈடன் ஹசார்ட் 2005இல், 14 வயதிலேயே பிரான்ஸின் லீல் கிளப்புக்குப் போய்விட்டார். வெர்மாலன், வெர்டோங்கன், அல்டர்வைரல்ட் மூவரும் பதின்வயதிலேயே நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்புக்குப் போய் அங்கே மெருகேறியவர்கள். 2006இல் எழுத்து வடிவம் பெற்ற ஒரு திட்டத்தின் ஆறு வயதுப் பிள்ளை 2018இல் பதினெட்டு வயதுக்காரன்தான். கூடவே, டிரிப்ளிங்குக்கு இவ்வளவு இடம் கொடுத்த நாட்டுக்குக் வின்சென்ட் கொம்பனிக்குப் பிறகு அவர் தரத்தில் சென்டர்-பேக் (நடுவில் நிற்கும் டிஃபென்டர்) கிடைப்பது கஷ்டமாக இருந்தது. திட்டத்தின் சாய்வுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றே நினைக்கிறேன். இதை எடுத்துக்கொள்ளும் நாடுகள் தடுப்பாட்டத்துக்கு ஒருவருக்கு ஒருவர் பாடத்திலேயே இடம் ஒதுக்குவது நல்லது: தாண்டுகிறவனைப் பாராட்டும் அதே குரலில், தாண்டவிடாமல் நின்றவனையும்.

கடைசியாக நம் பக்கத்துக் கேள்வி. ஒரே கிரவுண்டு, ஒரே கோச், மாலை ஐந்து மணிக்கு ஆறு வயதிலிருந்து பதினைந்து வரை இருபத்தைந்து பிள்ளைகள். தனித்தனி நேரம் ஒதுக்க வழியில்லை. அங்கே வயதுத் திட்டம் எப்படிச் சாத்தியம்?

சாத்தியம்தான். கோச் பக்கத்தில் இல்லாதபோதும் தானாக ஓடும் ஆட்டங்களை அந்தந்த நேரத்துக்கு வைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் இருபது நிமிடம் கோச் சின்னப் பிள்ளைகளோடு; அதே நேரம் பெரியவர்கள் '11+'ஐத் தாங்களே செய்வார்கள், இரண்டு மூன்று வாரம் கூட நின்று பழக்கிவிட்டால் ஒரு மூத்த பையன் நடத்திவிடுவான். அடுத்த இருபத்தைந்து நிமிடம் கோச் பத்து, பன்னிரண்டு வயதுக்காரர்களோடு, அன்றைய ஒரு பாடம். அப்போது சின்னவர்கள் வலது-இடது மாறும் ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் இருப்பார்கள், விசிலை ஒரு பெரிய பையன் ஊதினால் போதும். பெரியவர்கள் ஓரமாக நான்குக்கு நான்கு, நான்கு நிமிடம் ஆட்டம், மூன்று நிமிடம் ஓய்வு. ஆறு மணிக்குச் சின்னவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பிப்பார்கள், காலியான இடம் பெரியவர்களுக்கு. வெளிச்சம் இருக்கும் கடைசி அரை மணி நேரம் கோச் அவர்களோடு. இடையிடையே கலந்து ஆடவிட்டால் வயதைப் பார்க்காமல் நோட்டுப் புத்தகத்தில் உள்ள உயரத்தைப் பார்த்து அணி பிரிக்கலாம். தாமதமாக வளரும் பதினாலு வயதுக்காரனை வாரத்தில் ஒருநாள் பன்னிரண்டு வயதுக்காரர்களோடு சேர்த்து, நடுவில் நிறுத்தி, ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை அவனிடம் கொடுக்கலாம். ஏன் அங்கே போடுகிறோம் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவன் வீட்டிலும்.